இலைக்குக் கட்டிய வலை

சேலைத் துண்டின் ஒரு முனை கொய்யா மரத்தில் கட்டியபடியே இருந்தது. மறுமுனையில் பிள்ளை இல்லை.

ஆறுமுகத்தாயின் கையிலிருந்த துடைப்பம் நழுவி விழுந்தது.

"பேச்சி..."

பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் போட முடியாது. பிள்ளை இந்தத் தோட்டத்தில் இருப்பதே வீட்டு முதலாளிக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரம்மநாயகம் ஐயா கறாராகச் சொல்லிவிட்டார். "பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு வாரதா இருந்தா வேற வீடு பாத்துக்க." ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருடம் மூட்டைகளை நிறுத்து நிறுத்து அனுப்பி ஓய்வு பெற்றவர். சொன்ன சொல்லை அவர் மாற்றிக்கொண்டதைச் செம்பூரில் யாரும் பார்த்ததில்லை.

தாராவியில் பேச்சியைப் பார்த்துக்கொண்ட நூர் நிஷா பிரசவத்துக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து ஆறுமுகத்தாய் ஒன்றரை வயதுப் பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறாள். ஷெட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்து, மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். அந்தப் பதற்றத்தில், பிள்ளைக்கு முனிசிபல் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டைக்கூட எங்கோ தொலைத்துவிட்டாள். இந்த வேலையும் போனால் இரண்டு வயிறும் காய வேண்டியதுதான்.

ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். வாழை மரங்களுக்கு நடுவில் பார்த்தாள்.

ஈர மண்ணில் சின்னச் சின்னப் பாதங்கள் தெரிந்தன.

அவை குளத்தைப் பார்த்துப் போயிருந்தன.

அல்லிக்குளம். சுற்றுச்சுவர் கிடையாது, தரையோடு தரையாக இருக்கும். அவளுக்கே மார்பளவு தண்ணீர்.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

கரையிலிருந்து ஒரு கை தூரத்தில், குளத்தின் மேல் விரித்திருந்த வலையில், பேச்சி குப்புறக் கிடந்தாள்.

அசையவில்லை.

"எம்மா... முருகா!"

அந்த அலறலில் பாதாம் மரத்துக் காக்கைகள் மொத்தமும் எழுந்து பறந்தன.

பேச்சி மெல்லத் தலையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடியும் குனிந்து, வலைக்கண்ணில் விரலை விட்டு, கீழே போகிற சிவப்பு மீனைத் தொடப் பார்த்தாள். வலை தொட்டில்போலத் தொய்ந்திருந்தது. சட்டை நுனி மட்டும் நனைந்திருந்தது.

அந்த வலையைக் கட்டியது ஆறுமுகத்தாய்தான். பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

பாதாம் இலை விழுந்து குளத்துத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்றார் ஐயா. கோலிவாடாவில் மீன் பிடிக்கிறவர்களிடம் கெட்டியான வலையாக வாங்கிவரச் சொன்னார். சுற்றிலும் இரும்பு முளை அடித்து, சாணுக்கு ஒரு முடிச்சுப் போடச் சொன்னார். அதோடு விட்டாரா? வீட்டுத் தராசில் ஒன்பதரைக் கிலோ கோதுமையை நிறுத்து, பையில் கட்டிக் கொண்டுவந்து, கம்பால் வலையின் நடுவுக்குத் தள்ளச் சொன்னார். பை தண்ணீரைத் தொட்டது. அவிழ்த்து இறுக்கிக் கட்டு என்றார். மறுபடியும் தொட்டது. மறுபடியும் அவிழ்க்கச் சொன்னார்.

"ஐயா, பார்சல் ஆபீசுல இலையையும் நிறுத்துத்தான் அனுப்புவியளோ?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "சொன்னதைச் செய்யி."

ராத்தலும் சேரும் போய்க் கிலோ வந்த புதிது. ஒன்பதரைக் கிலோ என்றால் எவ்வளவு என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. உள்ளங்கை எரிந்தது மட்டும் தெரிந்தது. அன்று வீடு போய்ச் சேரும்வரை மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனாள்.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள்.

பிரம்மநாயகம் ஐயா. செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்தார்.

பிள்ளை பிழைத்தது, வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அவர் காலில் விழப்போனாள்.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. வெள்ளை வேட்டியோடு சேற்றில் குப்புறப் படுத்தார். கையை நீட்டிப் பேச்சியின் சட்டையைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

"ஐயா, நாளையிலேருந்து நான்..."

"நாளைக்கு வந்ததும் வலையை அவுத்துக் கட்டு. சட்டை நனைஞ்சிருக்கு பாரு. இன்னும் ரெண்டு கிலோ கூடுதலாத் தாங்கணும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். புரட்டாசி மாதம். பாதாம் மரம் தையில்தான் இலை கொட்டும். கிளையெல்லாம் கரும்பச்சையாக இருந்தது. ஓர் இலைகூடப் பழுத்திருக்கவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். "ஷெட்டுக்குப் பின்னால கெடந்தது. மூணு வாரமாச்சு. குடுக்க மறந்துட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

தொலைந்துபோன ஆஸ்பத்திரிச் சீட்டு.

ஆறுமுகத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும்.

பேச்சியைத் தராசில் படுக்கவைத்துப் பார்த்து நர்ஸ் எழுதிய எண், ஒன்பதரை.