ஒருசந்திக் கறி

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒருசந்தி விரதம். நடுச்சாமப் பூசை முடிகிறவரை கறி யார் வாயிலும் படக்கூடாது என்பது மதலேனம்மாளின் கட்டளை. முப்பது வருஷமாக அவள்தான் ஆக்கினாள். நாக்கில் ஒரு சொட்டு விடாமலே உப்பைக் கச்சிதமாகப் போடுகிறவள் என்று தெருவே மெச்சும். இந்த வருஷம்தான் கரண்டி மருமகள் ரெஜினாவின் கைக்குப் போயிருந்தது.

சாயங்காலம் குசினியில் காஜா கடை ஆட்டுக்கறி கொதித்தது. ரெஜினா சிலோன் ரேடியோவை உரக்க வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வெறுங்கிண்ணத்தோடு திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனாள்.

மதலேனம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பூனைபோல் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்தாள்.

"ஏளா, ஒருசந்தியும் அதுவுமா ஒளிஞ்சு நின்னா கறி திங்குத?"

மதில்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு முத்து பீவியின் தலை எட்டிப் பார்த்தது. கிண்ணம் அவள் கையில் இருந்தது.

"அவ திங்கல மாமி. உப்பு பாத்துச் சொல்லத்தான் எங்கிட்ட குடுத்தா. போன மாசம் நோன்பு பூரா எங்க வீட்டுக் கஞ்சிக்கு உப்பு பாத்தது அவதான்!"

ரெஜினாவுக்குப் பயம் தெளிந்தது. வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"நாமதான் வாயில வைக்கக் கூடாதுல்லா மாமி? முப்பது வருஷமா உங்களுக்கு யாரு உப்பு பாத்துச் சொன்னா?"

மதலேனம்மாள் பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டாள்.

"அங்கன கறி அடிப்பிடிக்குது பாரு!" என்று குசினிக்குள் ஓடினாள்.