ஊசி குதிக்கும் பாட்டு

"பேஸைக் குறைக்கணும் தம்பி. இல்லேன்னா ஊசி குதிக்கும்" என்றார் ஒலிப்பதிவாளர் ஹாலோரன், மூன்றாவது முறையாக.

"முடியாது சார்" என்றான் எங்கள் பேஸ் கிட்டார்க்காரன் கஸ்மிர், மூன்றாவது முறையாக.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பேஸ் கிட்டாரை அதிகம் ஏற்றினால் இசைத்தட்டின் கோடு அகலமாக வளையும். மலிவான ரெக்கார்டு பிளேயரில் ஊசி நிற்காது. 1964இல் எங்கள் ஊரான ஹாம்ட்ராமிக்கில் இருந்தவை எல்லாமே மலிவானவைதான்.

எங்கள் இசைக்குழுவின் நால்வருக்கும் அது முதல் தட்டு. கார் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் பயிற்சி செய்து, கல்யாணம் கல்யாணமாகப் போல்கா நடன இசை வாசித்து, ஒரு வழியாக அந்தச் சனிக்கிழமை மதியத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். கஸ்மிர் ஒருவன் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தான். வந்த ஆத்திரத்தில் டிரம் குச்சியை அவன் தலையில் உடைத்திருப்பேன்.

பாடகன் டாமி கத்தியே விட்டான். "காதல் பாட்டுடா இது! இப்படி இடிச்சா எவடா வாங்குவா?"

"பேஸ் இல்லேன்னா தட்டே வேணாம்."

சொன்னவன் கிட்டாரின் வயரைப் பிடுங்கப் போனான்.

பாட்டு அவன் எழுதியது. ஐரீனா என்ற பெண்ணுக்காக. அவளை எங்கள் கண்ணில் ஒருநாளும் காட்டியதில்லை. நாங்கள் கிண்டல் செய்வோமாம். செய்திருப்போம்தான்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். பேஸும், காலால் மிதித்து அடிக்கும் என் கால் டிரம்மும் ஒரே நேரத்தில் இடிப்பதால்தானே வம்பு? கால் டிரம்மை எடுத்துவிடலாம்.

கால் டிரம் இல்லாத ராக் பாட்டு! ஊரில் எவன் மதிப்பான் என்னை? ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு சண்டை போட மனம் வரவில்லை. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கைகளால் மட்டும் வாசித்தேன்.

ஹாலோரன் பாட்டை மாதிரித் தட்டு ஒன்றில் பதித்தார். சோதித்துப் பார்க்கவென்றே வைத்திருந்த குழந்தைகளின் பிளேயரில் போட்டார். இரண்டரை நிமிடம் எல்லோரும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஊசி குதிக்கவில்லை.

கஸ்மிர் வெளியே ஓடினான். காரில் காத்திருந்த பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். ஒல்லியான பெண். எங்களைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள்.

ஹாலோரன் பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் வெறுங்காலோடு நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்பீக்கரின் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாட்டு எப்படிம்மா இருக்கு?" என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஹாலோரன் கேட்டார்.

அவள் திரும்பவில்லை. அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். அப்போதும் திரும்பவில்லை.

கஸ்மிர் போய் அவள் தோளைத் தொட்டான். அவள் கண் திறந்ததும், அவர் கேட்டதை விரல்களால் காற்றில் சொன்னான். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது என்பது எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான். டாமி தலையைக் குனிந்துகொண்டான்.

அவளும் விரல்களாலேயே பதில் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

"என்னப்பா சொல்றா?" என்றார் ஹாலோரன்.

"பேஸை இன்னும் கொஞ்சம் கூட்டணுமாம் சார்."