ஆயிரம் அடி பாக்கி

காத்மாண்டுவில் கிளம்பிய விமானம் பத்தாயிரம் அடி உயரத்தில் ஏறுவதை நிறுத்த வேண்டும். நிரஜன் முந்நூறு அடி தாண்டிவிட்டான். கட்டுப்பாட்டு அறை அதட்டிய பிறகே கீழே இறக்கினான். விமானியாக இருந்த மனைவி அஸ்மிதா இறந்தபின் அவன் ஓட்டும் முதல் விமானம் அது.

“ஆயிரம் அடி பாக்கி இருக்கறப்பவே நீ சொல்லணும்ல?” என்று துணை விமானி பிகேஷைக் கேட்டான்.

“சொன்னேண்ணே. நீங்களும் பதில் சொல்லிட்டு இப்ப என்னைக் கேக்கறீங்க. அண்ணி மாதிரியே, ‘பாத்தாச்சு, பாத்தாச்சு’ன்னு ரெண்டு தடவை.”

நிரஜன் வாயே திறந்திருக்கவில்லை.

அடுத்து பன்னிரண்டாயிரம் அடிக்கு அனுமதி வந்தது. வழக்கம்போல் இருவரும் உயரம் காட்டும் திரையில் பதித்த அந்த எண்ணை விரலால் சுட்டிச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

“ஆயிரம் அடி பாக்கி,” என்றான் பிகேஷ்.

நிரஜன் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் காத்திருந்தான். அவன் காதில் எதுவும் விழவில்லை.

“சரிண்ணே, ரெண்டு தடவையும் கேட்டுச்சு,” என்று பிகேஷ் தலையாட்டினான்.