மினுங்குகிற பொருள் ஒன்று

"அவ பையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்க டீச்சர். வெளையாட்டெல்லாம் பெறகு வெச்சுக்கிடலாம்."

பானுமதி பால்வாடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் மகள் வந்தனா, நாலு வயது. அவளுடைய இடது காதில் சிவப்புக்கல் கம்மல் இருந்தது. வலது காதில் வெறும் ஓட்டை.

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அந்தக் கம்மலுக்கு அடையாளம் சொல்லவே வேண்டியதில்லை. காதுகுத்து என்றால் தாய்மாமன்கள் எல்லோரும் ஒரே கடைக்குத்தான் போவார்கள். கடைக்காரரும் அந்த ஒரே மாடலைத்தான் எடுத்து வைப்பார். ஆனாலும் பானுமதி கல்லின் நிறம், திருகின் நீளம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பிள்ளைக்குக் கம்மல் வாங்கிப் போட்ட அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஐரோலியிலிருந்து வருகிறாராம். வந்ததும் பிள்ளையின் காதைத்தான் பார்ப்பாராம். நேற்று அவளுக்கு முகம் கழுவித் தலை சீவிவிட்டது ஆயா சஃபீனாதானாம். பிறகு வேறு யார் எடுத்திருப்பார்கள்?

மூலையில் பாயை உதறிக்கொண்டிருந்த சஃபீனா அப்படியே நின்றுவிட்டாள்.

"பையைப் பாத்துக்கோங்க டீச்சர்," என்றாள் மெதுவாக. "ஆனா பாத்துட்டா, நாளைலேர்ந்து நான் வர மாட்டேன்."

பையில் ஒன்றும் இருக்காது என்று மாரீஸ்வரி டீச்சருக்குத் தெரியும். இல்லாவிட்டால் வீட்டில் ஒளித்திருப்பாள் என்பார்கள். ஒரு தடவை பேர் கெட்டுவிட்டால் இந்தச் சந்தில் எந்தத் தாயும் சஃபீனா கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டாள். ஆறு வருடமாக அத்தனை பிள்ளைகளுக்கும் கால் கழுவிவிட்டவள் அவள்.

"பத்து நிமிஷம் உக்காருங்கக்கா," என்றாள் மாரீஸ்வரி. "இன்னைக்குத் தேடுற வெளையாட்டு. இதுங்க நோண்டாத எடம் இருக்காது. கெடைக்கலைன்னா பையைக் கொட்டிரலாம்."

ஏபிசிடி சொல்லித்தராமல் தினமும் இதே விளையாட்டு என்று முணுமுணுத்தபடி பானுமதி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மாரீஸ்வரியின் மகள் மானசாவும் அதே வகுப்புதான். அவளை சூசூ போக வைக்கிறேன் என்று மாரீஸ்வரி திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். திரும்பி வரும்போது பிள்ளையின் இரட்டைப் பின்னல் அவிழ்ந்து முடி தோளெல்லாம் கிடந்தது. டீச்சர் பிள்ளையின் லட்சணத்தைப் பார் என்று பானுமதி மனசுக்குள் நொடித்துக்கொண்டாள்.

காய்ந்த பட்டாணி கொட்டிவைத்த பிளாஸ்டிக் பேசினை மாரீஸ்வரி நடுவில் இழுத்துப் போட்டு, கையை விட்டு நன்றாக ஒரு கிண்டு கிண்டினாள். விளையாட்டு ஆரம்பமானது.

முதலில், வட்டமாக ஒன்று. பிள்ளைகள் நாலாபக்கமும் ஓடி டப்பா மூடி, வளையல், சுவரில் ஒட்டியிருந்த பொட்டு என்று கொண்டுவந்தார்கள். கிடைத்ததும் "மில் கயா" என்று இந்தியில்தான் கூவினார்கள். அடுத்து, சத்தம் போடுகிற ஒன்று. ஒருத்தி சாவிக்கொத்தைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தன், அழுதுகொண்டிருந்த பக்கத்துப் பையனையே கையைப் பிடித்து இழுத்து வந்தான். அதுவும் சரி என்றாள் டீச்சர்.

வந்தனா மட்டும் எதையும் தேடவில்லை. பேசின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணியை அளைந்துகொண்டிருந்தாள். பானுமதியின் முகம் வாடியது. தன் பிள்ளை இத்தனை மந்தமா என்று அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"இப்போ, மினுங்குறது ஒண்ணு. ஜல்தி."

சாக்லேட் தாள் வந்தது. ஸ்பூன் வந்தது. ஊக்கு வந்தது. வந்தனா அளைந்துகொண்டே இருந்தாள்.

"இன்னும் ஆழமாக் கையை விடு வந்தனா," என்றாள் மாரீஸ்வரி.

குழந்தை முழங்கை வரைக்கும் விட்டாள். வெளியே எடுத்த கையை விரித்தாள்.

"மில் கயா," என்றாள்.

உள்ளங்கையில் நாலு பட்டாணியும் ஒரு சிவப்புக்கல் கம்மலும் இருந்தன.

பானுமதி ஓடிவந்து மகளை அள்ளிக்கொண்டாள். "ஏட்டி, நீயாட்டி எடுத்த?" என்று கன்னத்தில் முத்தினாள். கம்மல் கிடைத்ததைவிட, அதைத் தன் பிள்ளையே தேடி எடுத்ததுதான் அவளுக்குப் பெரிசாக இருந்தது. காதில் மாட்டித் திருகிவிட்டு, வழியில் எல்லோரிடமும் சொல்லவேண்டும் என்ற அவசரத்தோடு கிளம்பினாள்.

மாரீஸ்வரி வாசலில் குறுக்கே நின்றாள். "சஃபீனாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கக்கா."

பானுமதி தரையைப் பார்த்தாள். "தப்பா நெனைச்சுக்கிடாத சஃபீனா," என்றாள். சஃபீனா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பாயைச் சுருட்டினாள்.

மறுநாள் காலையிலும் பானுமதி வந்தாள். இந்தத் தடவை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மாரீஸ்வரியின் பக்கத்தில் நின்றாள்.

"துவைக்கப் போடலாம்னு தலை துவட்டுற துண்டை உதறுனேன் டீச்சர்," என்றாள். மூடியிருந்த கையை விரித்தாள். "இப்ப எங்கிட்ட மூணு கம்மல் இருக்கு."

வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் காதுகளை பானுமதி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடைசியில் சஃபீனா, மானசாவை மடியில் வைத்து அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். இழுத்து வாரிய முடிக்குக் கீழே, பிள்ளையின் வலது காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க, அதில் ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தது.