வேலியில் தொங்கிய ஸ்வெட்டர்

மலையூர் ஓட்டப் பந்தயத்துக்குக் கிளம்பிய ஞானசேகர், பீரோவின் அடியில் கிடந்த பழைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஸ்வெட்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஷூ அண்ணே, எல்லைக்கோட்டில் என்ன நடக்கும்? இன்னிக்கு நானும் பார்க்கப்போறேன்!"

ஷூ பல பந்தயம் ஓடியது. குளிருக்காகப் போட்டுவரும் பழசை, உடம்பு சூடானதும் வழியிலேயே கழற்றி எறிந்துவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

"கைதட்டுவாங்க. வாழைப்பழம் கொடுப்பாங்க. கழுத்துல மெடல் மாட்டுவாங்க."

"அப்போ அது என்மேலதான் தொங்கும்!"

முதல் வளைவிலேயே ஞானசேகருக்கு வேர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றிக் கம்பி வேலிமேல் வீசிவிட்டு ஓடினார்.

பாதி தூரம் போய், அதே வழியில் திரும்பி வருகிற பந்தயம் அது. திரும்பும்போது வேலி கண்ணில் பட்டதும், ஷூ தன்னால் ஆன ஒரே காரியத்தைச் செய்தது. தன் கயிற்றை அவிழ்த்துவிட்டது.

ஞானசேகர் வேலியோரம் நின்றார். குனிந்து முடிச்சுப் போட்டார். நிமிர்ந்ததும், தொங்கிய ஸ்வெட்டரின் கையை இழுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். அதை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி ஓடினார்.

பின்னாலிருந்து ஸ்வெட்டர் சந்தோஷமாகக் கத்தியது.

"பார்த்தீங்களா அண்ணே, அவர் என்னை மறக்கலை! ஓடி முடிச்சதும் அவருக்குக் குளிரும். மெதுவாவே கூட்டிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்."