எந்த நாட்டுச் சாமான்?

"தம்பி, இதைக் கொஞ்சம் வெளிச்சத்திலை பிடியுங்கோ. எந்த நாடு எண்டு பாப்பம்."

சாமான் வாங்க வந்த கனகலிங்கம் ஐயா சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்ததுமே, உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த சிவதர்சினி எட்டிப் பார்த்தாள்.

புதுக்குடியிருப்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் தகரக் கொட்டில் அது. வாசலில் நின்று கிருசாந்தன் டைனமோவைத் தூக்கிப் பிடித்தான். எழுத்து அடித்த பக்கத்தை அவன் விரலால் பாதி மறைப்பது உள்ளே நின்ற மனைவி சிவதர்சினிக்கே தெரிந்தது. எதிரே நிற்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

மறைக்காமல் என்ன செய்வான்? வவுனியாவில் வாகனம் திருத்தும் ஒரு பழைய கராச்சை மூடியபோது பெட்டியோடு வாங்கிய சாமான்கள் அவை. இங்கிலாந்தில் செய்த அறுபது வருடப் பழைய மொரிஸ் காருக்கு அச்சொட்டாகப் பொருந்தும். ஒரே ஒரு குறை, எல்லாவற்றிலும் 'மேட் இன் இந்தியா' என்று அடித்திருந்தது. பழைய கார்ப் பைத்தியங்கள் இங்கிலாந்துச் சாமான் என்றால் கேட்ட விலைக்கு வாங்குவார்கள், இந்தியா என்றால் கையாலும் தொடமாட்டார்கள் என்று கிருசாந்தன் அடித்துச் சொன்னான். கனகலிங்கம் ஐயாவும் போனில் முதல் கேள்வியாக, "சாமானிலை நாட்டின்ர பேர் அடிச்சிருக்குத்தானே?" என்றுதான் கேட்டார். பிறகென்ன, மூன்று நாளாகச் சிவதர்சினி அரத்தால் இந்தியாவைத் தேய்த்தாள். கிருசாந்தன் எழுத்து அச்சுகளை வைத்துத் தட்டித் தட்டி இங்கிலாந்தை உண்டாக்கினான். கழிவு ஒயிலைப் பூசியதும் புது எழுத்தும் பழசாகிவிட்டது.

செய்தது பிழை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபதாம் தேதி அவனுக்கு வேலைக்காகக் கட்டாருக்கு விமானம். அவளுக்கோ இது ஏழாம் மாதம். "இந்தப் பெட்டி விலைப்பட்டா நான் போகேல்லை. டிக்கெற்றைக் கிழிச்சு அடுப்புக்கை போடுறன்" என்று அவன் சொல்லியிருந்தான். பிள்ளை பிறக்கும்போது புருஷன் பக்கத்தில் இருப்பான் என்றால் எவள்தான் அரத்தைத் தூக்கமாட்டாள்?

"இங்கிலாந்து" என்றார் கனகலிங்கம் ஐயா. அவர் முகம் சுருங்கியது. டைனமோவை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் காபரேற்றரை எடுத்துப் புரட்டினார். "இதுவும் இங்கிலாந்து."

"எல்லாமே அதுதான் ஐயா. அசல்."

"எல்லாமேயோ?"

அவர் கேட்ட விதம் சிவதர்சினிக்குப் பிடிக்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? அவசரமாகத் தேத்தண்ணியைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"குடியுங்கோ ஐயா. வெயிலுக்கை வந்திருக்கிறியள்."

"வையுங்கோ பிள்ளை."

அவர் தேத்தண்ணிப் பக்கம் திரும்பவே இல்லை. ஹோர்ன், ஸ்டியரிங் பெட்டி, ஹெட்லைற் வளையம் என்று பெட்டியின் அடிவரை கிளறினார். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவருடைய முகம் கறுத்துக்கொண்டே போனது. கடைசியில் நிமிர்ந்தார்.

"தம்பி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. உங்களிட்டை இந்தியாச் சாமான் கிடக்கெண்டு எனக்கு ஒரு ஆள் சொன்னவர்."

கிருசாந்தன் டைனமோவைத் துடைப்பதுபோலக் குனிந்தான்.

"ஆர் ஐயா சொன்னது? பொறாமை பிடிச்சவங்கள் ஆயிரம் கதைப்பாங்கள்."

"அவர் பொய் சொல்லுற ஆள் இல்லை. கண்ணாலை கண்டதெண்டு சொன்னவர்."

"அப்ப பிழையாக் கண்டிருக்கிறார்."

"நல்லா யோசிச்சுப் பாருங்கோ தம்பி. ஒண்டு ரெண்டு எண்டாலும்..."

சொல்லிவிடுவோமா என்று சிவதர்சினிக்குத் தோன்றியது. வயிற்றுப் பிள்ளையும் ஒரு முறை புரண்டது. பாவம் மனிதர், வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அவள் வாயைத் திறந்தாள். கிருசாந்தன் அதைக் கண்டுவிட்டான். அவள் முந்துவதற்குள் கையை நெஞ்சில் வைத்தான்.

"வற்றாப்பளை அம்மாளாணை ஐயா! இந்தியாச் சாமான் ஒண்டுகூட இந்தக் கடைக்குள்ளை இல்லை!"

சிவதர்சினி தன்னையறியாமல் வயிற்றில் கையை வைத்தாள். போன வருஷப் பொங்கலுக்கு அந்த அம்மாளின் வாசலில் நின்றுதான் அவள் பிள்ளைவரம் கேட்டாள். பொய்ச் சத்தியத்தை அம்மாள் பொறுப்பாளா?

ஆனால் சத்தியம் வேலை செய்தது. கனகலிங்கம் ஐயா பூதக்கண்ணாடியைப் பையில் வைத்தார்.

"அம்மாளிலை சத்தியம் பண்ணினாப் பிறகு வேறை என்னத்தைக் கேக்கிறது? நம்புறன் தம்பி."

கிருசாந்தன் மனைவியைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தான். அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாளிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். இருபதாம் தேதி இவன் வீட்டில் இருப்பான், அது போதும்.

"அப்ப பெட்டியை வாகனத்திலை ஏத்தட்டோ ஐயா?"

"வேண்டாம் தம்பி."

ஆறிப்போன தேத்தண்ணியை அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"அடுத்த மாசம் கொழும்பிலை பழைய கார்ப் போட்டி. கார் எந்த நாட்டிலை செய்ததோ, அந்த நாட்டின்ர பேர்தான் எல்லாச் சாமானிலையும் இருக்கவேணும். முதலே சொன்னா விலையை ஏத்திப்போடுவியள் எண்டு பயந்து நான் வாயைத் திறக்கேல்லை. என்ர கார் மொரிஸ் இல்லைத் தம்பி, அதே மாதிரி இந்தியாவிலை செய்த அம்பாசிடர். 'இந்தியா' எண்டு அடிச்சது மட்டும் இருந்திருந்தா, கேட்ட விலைக்கு முழுப் பெட்டியையும் தூக்கியிருப்பன்."