பெருவிரல் துளை

"பந்தைக் கொன்னுட்டியேடா, பாவி!"

பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்துகிற மில்வாக்கியின் அந்தப் பௌலிங் கூடத்தில் ஒரு கணம் எந்தப் பந்தும் உருளவில்லை. கத்தியவர் செஸ்டர். திட்டு வாங்கிக்கொண்டவன் நார்பர்ட், கூடத்தின் மூலையில் பந்துகளுக்கு விரல் நுழைக்கத் துளை போடுகிற கடைக்காரன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் செஸ்டரின் பந்து விரிசல் விட்டது. நார்பர்ட் பழைய மூன்று துளைகளையும் பிசின் ஊற்றி அடைத்து, இழைத்து, புதிதாகத் துளைத்துக் கொடுத்தான்.

அன்றிலிருந்து பந்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

முன்பெல்லாம் அது ஓரக் கால்வாயை ஒட்டியே போய், கடைசி நேரத்தில் தொழுவம் ஞாபகம் வந்த மாடு மாதிரி உள்ளே திரும்பும். ஒருமுறை பாதி வழியில் நின்று, யோசித்துவிட்டுத் திரும்பியது. நம்பாதவர்கள் உண்டு. அவர்கள் அன்று வரவில்லை.

இப்போதோ கையை விட்டு முன்னதாகவே நழுவி, பலாப்பழம் மாதிரித் 'தொம்'மென்று விழுகிறது. நேரே போய் நாலு கட்டையைத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

"பிசின் கனம் கூடிப்போச்சு. அது வயித்துக்குள்ள என்னமோ இடம் மாறிடுச்சு" என்றார் செஸ்டர்.

நார்பர்ட் அவருடைய பெருவிரலைப் பிடித்துத் துளைக்குள் விட்டு ஆட்டினான். உரலில் உலக்கை.

"பிசின் மேல ஏண்ணே பழி போடுறீங்க? துளை உங்க பழைய அளவுதான். விரல்தான் இளைச்சிருக்கு. உள்ள ரெண்டு பட்டை ஒட்டிவிடுறேன், கவ்விக்கும்."

"ஒட்டா? என் பந்துலயா?"

பக்கத்திலிருந்த மனைவி டோலோரஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "இளைக்காம என்ன செய்யும்? டாக்டர் சொன்னதிலேருந்து உப்பு இந்த மனுஷன் கண்ணுலயே பட்டதில்ல. வீக்கமெல்லாம் வடிஞ்சு, போன வாரம் கல்யாண மோதிரமே கழண்டு சூப்புல விழுந்துச்சு!"

அந்தச் சூப்பில் ருசியாக இருந்தது மோதிரம் ஒன்றுதான். செஸ்டர் அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் கடைசி ஆட்டம். அதில் செஸ்டர் சொதப்பினால் அணியில் அவர் இடம் டோலோரஸின் தம்பி ஆர்வினுக்கு. எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். செஸ்டர் பெயர் தைத்த சட்டையை ஆர்வின் போட்டும் பார்த்துவிட்டான்.

"மச்சான், கக்கத்துல கொஞ்சம் இறுக்குது. பிரிச்சுத் தச்சுக்கட்டுமா?"

வெள்ளிக்கிழமை மாலை. தவக்காலம். மாதாகோயில் கூடத்தில் உப்பு தடவிய மீன் பொரிக்கிற வாசனை தெருமுனை வரை வந்து ஊரையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. செஸ்டர் பந்துக்காக வேண்டிக்கொள்ளக் கோயிலுக்குப் போனார். எத்தனையோ வருடமாகக் கூப்பிட்டும் வராத மனிதர் தானாகவே போகிறாரே என்று டோலோரஸ் கண் கலங்கினாள்.

சனிக்கிழமை, கடைசி உருட்டல். பத்துக் கட்டையும் விழுந்தாக வேண்டும்.

செஸ்டர் பந்தைத் தூக்கினார். அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. வீசினார். பெருவிரல் துளையிலிருந்து தக்கை பிடுங்கின மாதிரி 'டொப்'பென்று ஒரு சத்தம்.

பந்து ஓரத்தோடு போயிற்று. போயிற்று. தொழுவம் ஞாபகம் வந்தது.

பத்தும் விழுந்தன.

"பிசின் இறுகிடுச்சு! நான்தான் சொன்னேன்ல, பிசின்தான்!" செஸ்டர் நார்பர்ட்டைக் கட்டிக்கொண்டார். பின்வரிசையில் ஆர்வின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.

டோலோரஸ் மட்டும் கை தட்டவில்லை. எழுந்து வந்து கணவரின் இடது கையைத் தன் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். கூடமே 'அடடா' என்றது.

கல்யாண மோதிரத்தைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. திருகிப் பார்த்தாள். ஊஹூம்.

"ஏங்க" என்றாள் மெதுவாக, "நேத்து கோயில்ல மீன் நல்லா இருந்துச்சா?"